முழங்கால் கோடு

கொழும்பிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். போன் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்கு உள்ளே இருந்தது. கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஓவியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் இடம், நான் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தது. மூன்று மாதம் தங்கி வேலை செய்ய ஓர் அறை, சாப்பாடு, நடந்து போகும் தூரத்தில் நானூறு மீற்றர் மைதானம், முடிவில் கண்காட்சி. வருகிறேனா இல்லையா என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஒரு பத்துக் கொழுந்து பறிக்கிற நேரத்துக்கு. அதற்குப் பிறகு காம்பரா ஞாபகம் வந்துவிட்டது.

காம்பரா என்றால் நாங்கள் இருக்கும் அறை. தெமோதரைக்கு மேலே எங்கள் லயத்தில் ஒரே வரிசையில் அப்படிப் பன்னிரண்டு. பத்துக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் சின்னத் திண்ணைபோல ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்பு வைக்க அம்மாவே தகரம் அடித்துச் சேர்த்துக்கொண்ட ஒரு மூலை. அப்பா போன பிறகு அதில் நானும் அம்மாவும்தான். அறை தோட்டத்துக்குச் சொந்தம். அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் கெட்டு, இனி மலை ஏற முடியாது என்று தோட்ட வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டபோது, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"வீட்டுல ஒரு பேராவது செக்ரோல்ல இருக்கணும் புள்ள. இல்லாட்டி காம்பராவக் கேப்பாங்க. ஆபீசுல கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அப்படித்தான் செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், நான் பேர் பதிந்தேன். நான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்துப் பட்டம் வாங்கி, ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் காம்பரா போகும். காம்பரா போனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அம்மா எங்கே போவாள். கணக்கு அவ்வளவுதான். நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வந்தது.

கொழும்புக்காரர்கள் என்னிடம் எதைப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால், நான் பள்ளிக்கூடத்தில் வேகநடைக்காரியாக இருந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேகநடையில் இரண்டே சட்டம். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை, முழங்காலில் மடங்கக் கூடாது. ஓடத் தெரிந்தவளை ஓடாதே ஓடாதே என்று சொல்லி ஐயாயிரம் மீற்றர் விரட்டுகிற போட்டி அது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இடுப்பு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். எனக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் கிடையாது, எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாருமே அதற்குப் பேர் கொடுக்கவில்லை. தோட்டத்துக் கார் ரோட்டில் பழகினேன். பதுளையில் நடந்த போட்டியில் முதலாவதாக வந்தேன். அந்தக் கிண்ணம் இன்னும் இருக்கிறது, அம்மா அதில் விபூதி போட்டு வைத்திருக்கிறாள்.

பிறகு கொழும்பு. அகில இலங்கைப் போட்டி. பன்னிரண்டரைச் சுற்று. மூன்றாவது சுற்றிலேயே ஒரு நடுவர் மஞ்சள் மட்டையை நீட்டினார். அதில் மடங்கிய கால்போல ஒரு குறி. முழங்கால் மடங்குகிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான் காலை விறைத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வளைவில் இன்னொரு மட்டை, அதே குறி. ஏழாவது சுற்றில் தலைமை நடுவர் சிவப்பு மட்டையோடு என் எதிரில் வந்து நின்றார். மூன்று நடுவர்கள் என் பேரில் சிவப்பு அட்டை எழுதிவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே போய் புல்லில் உட்கார்ந்தேன். எனக்கு முன்பே அங்கே ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பெண். இரண்டு சுற்று கழித்து இன்னொருத்தி வந்தாள். அவளும் தோட்டம்தான். மூன்று பேருக்கும் முழங்கால்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் நடக்கப் பழகியது சரிவில். ஏறினாலும் முழங்கால் மடங்க வேண்டும், இறங்கினாலும் மடங்க வேண்டும். எங்கள் ஊரில் காலை நீட்டி இறங்குகிறவர் தண்ணீர்ப் பீலிக்குப் போகும் வழியில் பள்ளத்தில்தான் போய் நிற்பார். பிறந்ததிலிருந்து விழாமல் இருப்பதற்காகக் கற்றுக்கொண்டதைக் கொழும்பில் பிழை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நடுவர்கள்மேல் தப்பில்லை, சட்டப்படி அது பிழைதான். இருந்தாலும் எனக்குக் கோபம். இன்றைக்கும் அது ஆறவில்லை, ஆறியதாக நடிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

யாழ்ப்பாணத்தில் முதல் வருடம் வரைதல் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கதிரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து வரைய வேண்டும், தொடங்கியதிலிருந்து முடியும்வரை பென்சில் தாளைவிட்டு எழும்பக் கூடாது. எல்லோரும் விரிவுரையாளர் அந்தப் பக்கம் போனதும் பென்சிலைத் தூக்கி ஏமாற்றினார்கள். நான் தூக்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சட்டம் ஏற்கெனவே தெரியுமே. ஒரு கால் எப்போதும் தரையில். தோள் இறுகியது, மூச்சு தானாகவே நாலுக்கு நாலு என்று எண்ண ஆரம்பித்தது, நின்ற இடத்தில் இடுப்பு அசைந்தது. விரிவுரையாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, வேர்த்துக் கொட்டுது. ஓட்டப்போட்டியே நடக்குது?"

"இல்ல சேர், நடை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதையே தொடர்ந்து செய் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தொடர்ந்து செய்தேன். மைதானத்தில் பழகியதுபோலவே மேசையிலும் பழகினேன். ஒரே கோட்டை ஐம்பது தடவை, நூறு தடவை, இடையில் நிறுத்தாமல். ஐயாயிரம் மீற்றரில் எந்த இடத்தில் களைப்பு வருமோ கிட்டத்தட்ட அந்த இடத்தில் கையும் களைக்கும். ஆரம்பத்தில் கோடு அழகு காட்டும். களைத்த பிறகு அதற்கு அழகு காட்டத் தெம்பிருக்காது, அப்போது வருவதுதான் என் கை. அதை நான் யாரிடமும் படிக்கவில்லை, சிவப்பு மட்டை வாங்கிய கால் சொல்லிக்கொடுத்தது.

பேர் பதிந்த பிறகு வாரத்தில் ஆறு நாள் மலை, ஏழாவது நாள் படம் என்றானது. காம்பராவுக்குள் பெரிதாக எதையும் விரிக்க முடியாது. கட்டில், அலுமாரி, அம்மா, எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைத்தால்கூட நேராக நாலு எட்டுத்தான் வைக்கலாம். சில நாள் மாலையில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே நாலு எட்டு போய், திரும்பி, நாலு எட்டு வந்து பழகினேன். பக்கத்துக் காம்பரா அக்கா, நடுச்சுவரில் மாட்டியிருந்த சாமி படம் ஆடுகிறது என்று வந்து சொன்னாள். நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுவரை உதைத்திருப்பேன், உதைத்தாலும் சாமிதான் விழும்.

அதனால் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அதன் வெளிச்சுவரை ஒட்டி அறுபதடிக்குச் சிமெந்து போட்ட ஒரு நடைபாதை. தோட்டத்தில் சமதரை என்று சொல்லக்கூடியது அதுவும் பெரட்டுக் களமும்தான். தேயிலை அடைக்கிற காகிதச் சாக்குகளில் கிழிந்துபோனவற்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, கோதுமை மாப் பசையால் ஒட்டி நீளமாக்கினேன். அதை முழங்கால் உயரத்தில் சுவரோடு ஒட்டினேன். அடுப்புக் கரியில் ஒரு துண்டை ரப்பர் பட்டியில் செருகி முழங்காலின் வெளிப்பக்கத்தில் கட்டிக்கொண்டு, சுவரை உரசியபடி நடந்தேன். கால் போன போக்கைக் கரி எழுதியது.

என் கோடு அலை அலையாக வந்தது. அன்றைக்கு நடுவர்கள் கண்டது இதைத்தான் என்று எனக்கே கண்ணெதிரில் தெரிந்தது. பிடிவாதம் வந்து, முழங்காலை நீட்டி நீட்டி நடந்து பார்த்தேன். முதல் இருபதடி கோடு நேராகப் போகும். அதற்குப் பிறகு மலை வந்துவிடும்.

பீலிக்குத் தண்ணீருக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முதல் வாரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். படிச்ச புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இரண்டாவது வாரம் பக்கத்துக் காம்பரா அக்காவே, எனக்கும் கட்டி விடு பார்ப்போம் என்று காலை நீட்டினாள். குடம் இடுப்பில் இருக்க, நைட்டிக்கு மேலே கரியைக் கட்டிக்கொண்டு அவள் நடந்த கோடு இன்னமும் என்னிடம் இருக்கிறது. என்னுடையதைவிட ஆழமான அலை. அதற்குப் பிறகு வரிசையில் வந்தார்கள். ஒருத்தி கோட்டை இன்னொருத்தி கேலி செய்தாள், என் கால் இவ்வளவு கோணலா என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அறுபதடிக் காகிதத்தில் பதினேழு பேருடைய கால், ஒன்றின்மேல் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தாள். கூப்பிடவில்லை, தானாக வந்தாள். லயத்திலிருந்து மடுவத்துக்கு எனக்கு மூன்று நிமிடம், அவளுக்கு அரை மணி நேரம். எனக்கும் ஒரு கோடு போடு என்றாள். புதுக் காகிதம் ஒட்டி, கரியைக் கட்டி, நான் பின்னால் தள்ளி நின்றேன். அவள் நடந்தாள்.

அம்மாவின் முழங்கால் இப்போது மடங்காது. வீங்கி இறுகிப்போய்விட்டது. இடுப்பைச் சுழற்றித்தான் காலை முன்னால் கொண்டுவருவாள், குதிகால் முதலில் தரையைத் தொடும், கால் நீட்டியபடியே இருக்க உடம்பை அதன்மேல் ஏற்றுவாள். அதற்குள் மற்றக் கால் தரையை விடாது, விட அவளுக்குப் பயம். பள்ளிக்கூடக் காலத்தில் விளையாட்டு சேர் எனக்குத் தொண்டை கிழியக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தும் வராத நடை அது. கரி நேர்கோடாகப் போனது. அங்கங்கே மூச்சு வாங்க நின்ற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. உலகத்தில் எந்த நடுவரும் அவளுக்கு மட்டை காட்ட முடியாது.

எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. முப்பது வருடம் மலை ஏறி இறங்கினால் கடைசியில் என் கோடும் நேராகிவிடும் என்று தோன்றியது. அம்மா திரும்பிப் பார்த்து, நல்லா வந்திருக்கா என்று கேட்டாள். எல்லோரிலும் உன்னுடையதுதான் நல்லா வந்திருக்கு என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஒரு வாரம் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு காகிதங்களையும் போனில் படம் பிடித்து அனுப்பியதற்குத்தான் கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் அம்மாவின் கோட்டுக்கு முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம் என்று எழுதியிருந்தார்கள். போனில் பார்த்ததற்கு முன்னால் எப்படி நின்றார்களோ தெரியாது. ஆனால் அந்த வரியை மட்டும் நான் பல தடவை படித்தேன். மைதானத்தில் நடைக்காரர்களுக்கு நடுவே, நல்ல காகிதத்தில், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், மூன்று மாதம். அதை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, கேட்டுத்தான் பார்ப்போம் என்று தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மூன்று மாதம் லீவு தருவார்களா, பேரை வெட்டாமல் வைத்திருப்பார்களா என்று கேட்க நினைத்தேன். வழியெல்லாம் அதைப் பணிவாக எப்படிச் சொல்வது என்று பழகிக்கொண்டே போனேன். பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார். காம்பராவுக்கும் நீ வேலைக்கு வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா பேர் வெட்டுன அன்னிக்கு இதே எடத்துல நின்னு இதையேதான் கேட்டாங்க. வேல விட்ட யாரையும் வெளிய போகச் சொன்னதில்ல, நீங்க இருக்குறவரைக்கும் இருங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அவங்க ஒங்கிட்ட சொல்லலையா?"

சொன்னார்கள் ஐயா, நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்றேன். அம்மாவை அந்த மேசைக்கு முன்னால் விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். அவள் கை நின்றது. நான் வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

அவள் கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே பேசினாள். "நீ யாழ்ப்பாணத்துல இருந்த நாலு வருசமும் நான் சொவத்தப் புடிச்சுத்தான் எந்திரிச்சேன். வலி பெருசில்ல புள்ள. ஐயோன்னு சொன்னா என்னான்னு கேக்க ஆளில்ல. இந்த லயத்துலருந்து கொழும்புக்குப் போன புள்ளைக எது திரும்பி வந்துச்சு, சொல்லு பாப்போம்."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. விடியுமுன் எழும்பிப் பெரட்டுக்குப் போன ஒவ்வொரு காலையும், அட்டை கடித்த ஒவ்வொரு புண்ணும், அத்தனையும் ஒரு பொய்க்காக. பக்கத்துக் காம்பராவில் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்கள், நன்றாகக் கேட்பதற்காக. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். என் கோபத்துக்கு அடியில் ஒன்று கிடந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி. நான் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் அவளே என் பையை அலுமாரி மேலிருந்து இறக்கினாள். எப்படி இறக்கினாள் என்று தெரியவில்லை, கதிரையில் ஏறியிருக்க முடியாது. என் நல்ல உடுப்புகளைத் துவைத்துக் காயவைத்து மடித்து அதில் அடுக்கினாள். மகள் கொழும்புக்குப் போகிறாள், படம் காட்டப் போகிறாள் என்று பீலியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பதுளைக்குப் போய்க் காலை ரயிலைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும் என்று எனக்கு யோசனை சொன்னாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நான் பெரட்டுக்குப் போகவில்லை, கொழும்புக்குப் பதிலும் எழுதவில்லை. காம்பரா போய்விடும் என்ற காரணம் இருந்தவரை எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். போக முடியாது என்று சொல்லிக்கொண்டே, போனால் என்ன ஆவேன் என்று யோசிக்காமல் இருந்திருக்கிறேன். சமதரையில், விஷயம் தெரிந்தவர்களின் கண்ணுக்கு முன்னால், ஏழாவது சுற்றில் யார் எதிரே வந்து நிற்பார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பப் போற புள்ள?"

"ஒன்ன ஒரு தரம் பதுள க்ளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, அப்பறமாப் போறேன்."

போன மாதமே க்ளினிக்கில் டாக்டர் கார்டை முடித்து, இனி மருந்தை மட்டும் போடுங்கள், வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அவர் அதைச் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"சரி புள்ள" என்றாள். பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.